ஸ்டோரேஜ் டிரைவர் பதிலளிக்கவில்லை

எனக்கு இடது காது கேட்காமல் போனதை முதலில் கண்டுபிடித்தது நான். இரண்டாவதாகக் கண்டுபிடித்தது கிடங்கில் மாட்டியிருந்த டிவி என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

கிடங்கு யோங் பெங் டோல் சாவடிக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பிஸ்கட், டின் பால், சமையல் எண்ணெய், குளிர்பானம் எல்லாம் ஜொகூர் பாரு பக்கமிருந்து லாரியில் வந்து, இங்கே தங்கி, பிறகு சின்னச் சின்ன லாரிகளில் ஊர் ஊராகப் போகும். நான் அங்கே பதினொரு வருடமாக ஃபோர்க்லிப்ட் ஓட்டினேன். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர்களில் அங்கே இரண்டு வகை. லாரிக்கும் தரைக்கும் இடையில் ஓட்டுகிறவர் லோடிங் டிரைவர். தரைக்கும் ரேக்குக்கும் இடையில் ஓட்டுகிறவர் ஸ்டோரேஜ் டிரைவர். என் கழுத்து அட்டையில் என் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் அப்படித்தான் போட்டிருக்கும்: ஸ்டோரேஜ் டிரைவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அட்டைப் பெட்டிகளைப் பார்த்துத்தான் பழகினேன். அந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் எங்கே பார்த்தாலும் எழுத்துக் கூட்டாமலே படித்துவிடுவேன்.

காது விஷயம் தெரிந்தது ஒரு போன் பேச்சில். மனைவி பேசிக்கொண்டிருந்தாள், பாதியில் நின்றுவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். கை வலித்ததால் போனை வலது காதுக்கு மாற்றினேன். அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு நடுவில் நிற்கவே இல்லை. மறுபடி இடது காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பசார் சந்தைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி போனை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாற்றி மாற்றி வைத்தது நினைவிருக்கிறது.

ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவனுக்குக் காது கேட்க வேண்டும். ஹாரன், வாக்கி-டாக்கி, பின்னாலிருந்து ஒரு ஆள் போடும் சத்தம். இது எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்? வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டால் நான் யார்? இதைத்தான் இரவும் பகலும் நினைத்தேன். வாக்கி-டாக்கியை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினேன். பேசுகிறவர்களின் உதட்டைப் பார்க்கப் பழகினேன். புரியாவிட்டால் "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன். நான் எப்போதும் அதிகம் பேசாதவன். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூச்ச சுபாவம் அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நல்ல மறைப்பாக இருந்தது.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஏழாவது சந்தில் அது நடந்தது. ரேக்குகளுக்கு நடுவே உள்ள வழியைச் சந்து என்போம். நான் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி வந்துகொண்டிருந்தேன். இடது பக்கம், ஒரு நேப்பாளத் தொழிலாளி பிளாஸ்டிக் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு குனிந்திருந்தார். அவர் கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. கையிலிருந்த துடைப்பத்தால் வண்டியின் இரும்பில் ஓங்கி அடித்தார். அந்த அதிர்ச்சி இருக்கை வழியாக முதுகில் தெரிந்துதான் பிரேக் போட்டேன். இறங்கிப் பார்த்தால் அவருடைய பூட்ஸின் முனை சக்கரத்துக்குக் கீழே இருந்தது. முனை மட்டும்தான். கால் விரல் உள்ளே மடங்கித் தப்பியிருந்தது. அவர் காலை உருவிக்கொண்டு, வெளுத்த முகத்தோடு சிரித்து, "ஓகே பாங், ஓகே" என்றார். பாங் என்றால் மலாயில் அண்ணன். யாரும் பார்க்கவில்லை. சொல்லாதே என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டுத் தொழிலாளி எதற்கு வம்பில் மாட்டுவார்? அது தெரிந்து நான் சும்மா இருந்தேன்.

டிவிக்கு வருகிறேன். கிடங்கு ஆபீஸ் கண்ணாடிக்கு மேலே, நாங்கள் வேலை செய்யும் பக்கம் பார்த்தபடி ஒரு பெரிய டிவி இருக்கும். எந்த லாரி எந்த வாசலுக்கு என்று ஆபீஸ் கம்ப்யூட்டர் அதில் காட்டும். பெருநாள் நெரிசலில் அந்தக் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. பட்டியல் வர நேரமாகும். என் வண்டியில் இருந்த சின்னத் திரையிலும் வேலைச் சீட்டு வராமல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். லாரிக்காரர்கள் கீழே இறங்கி ஏசுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை டிவியில் பட்டியலுக்கு மேலே நீலப் பெட்டி ஒன்று வந்தது. லோடிங் டிரைவர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டான். என் வயதுக்காரன். சேர்ந்தாற்போல் பத்து வருடம் வேலை செய்திருக்கிறோம்.

"மச்சான், டிவியில உன் பேரு வந்திருக்கு பாரு! ஸ்டோரேஜ் டிரைவர் பிஸி. அலமாக், பெரிய ஆளாயிட்ட லா நீ!"

பார்த்தேன். உண்மைதான். ஸ்டோரேஜ் டிரைவர் என்று என் அட்டையில் இருப்பது போலவே பெரிய எழுத்து. பக்கத்தில் பிஸி.

"எனக்கும் போடச் சொல்லு. லோடிங் டிரைவர் காலையில இருந்து மூத்திரம்கூட போகலன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பெட்டி அடுக்கிய பேலட் பலகை எத்தனை ஏற்றினேன், எத்தனை இறக்கினேன் என்று என் வண்டித் திரைதான் ஆபீஸுக்குச் சொல்கிறது. அதைப் பார்த்து இவன் பிஸி, அவசரப்படுத்தாதே என்று கம்ப்யூட்டரே லாரிக்காரர்களுக்குச் சொல்கிறது போலும் என்று நினைத்தேன். வெள்ளி, சனியும் அந்தப் பெட்டி வந்து வந்து போனது.

திங்கட்கிழமை காலையில் இரண்டு முறை வாக்கி-டாக்கியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. லோடிங் டிரைவர் சந்து முனைக்கு ஓடிவந்து கையை ஆட்டினான்.

"ஓய் செவிடா! தொண்ட கிழிய கத்துறேன், நீ பாட்டுக்குச் சாமி ஊர்வலம் மாதிரி போற!"

அவன் எல்லாரையும் அப்படித்தான் பேசுவான். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. "வாக்கி-டாக்கி பேட்டரி வீக்" என்றேன்.

அரை மணி நேரத்தில் டிவியில் நீலப் பெட்டி வந்தது. இந்த முறை பிஸி இல்லை. அதே ஸ்டோரேஜ் டிரைவர், பிறகு 'நாட்', பிறகு ஒரு நீளமான வார்த்தை. கீழே இன்னும் இரண்டு வரி. 'நாட்' என்றால் இல்லை. கடைசியில் இருந்த 'ரீசெட்' எனக்குத் தெரியும், வண்டி மீட்டரில் அந்தப் பொத்தான் உண்டு. நீளமான வார்த்தை தெரியவில்லை. உள்ளங்கையில் பேனாவால் எல்லா வரியையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். போனில் மொழிபெயர்க்கும் இடத்தில் அதை அப்படியே அடித்தேன். மலாய் மொழியிலா தமிழிலா என்று கேட்டது. முக்கியமான விஷயம் என்றால் நான் தமிழில்தான் படிப்பேன். தமிழைத் தொட்டேன்.

"சேமிப்பு ஓட்டுநர் பதிலளிக்கவில்லை. கோரிக்கையின் நேரம் முடிந்தது. மீட்டமைக்கப்படுகிறது."

ஓட்டுநர். அந்த 'ர்' என்னைக் கொன்றது. இயந்திரத்துக்கு யாராவது 'ர்' போட்டு மரியாதை கொடுப்பார்களா? ஆள்தான். பதிலளிக்காத ஆள் நான்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாததை எண்ணி, நேரம் முடிந்தது என்றும் போட்டுவிட்டார்கள். மீட்டமைப்பது என்றால் என்ன என்று கழிப்பறைக்குள் நின்று யோசித்தேன். என்னிடமிருந்து வேலையை மீட்டு, வேறு ஒருவரை அமைப்பது. வேறு எப்படிப் புரிந்துகொள்வது? வெளியே வந்தபோது அந்தப் பெட்டி இன்னும் இருந்தது. கிடங்கு முழுக்கப் பார்க்கும்படி, லாரிக்காரர்கள் பார்க்கும்படி. அன்று நான்கு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் நான் ஏதோ ஒரு சந்துக்குள் போய் நின்றுகொண்டேன்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறவள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"என்னங்க, குழம்புல உப்பில்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். காதையும் டிவியையும் சேர்த்துச் சொன்னேன். பூட்ஸை மட்டும் சொல்லவில்லை. அவள் காதைப் பற்றி ஆச்சரியப்படவே இல்லை.

"அது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் படுத்தா நான் என்ன திட்டினாலும் நீங்க நல்லா தூங்கறீங்க."

போனில் வந்த தமிழைக் காட்டினேன். படித்ததும் அவள் சிரிப்பு போய்விட்டது.

"ஓட்டுநர்னே போட்டிருக்கே."

"ஆமா."

"வேற யாரு ஸ்டோரேஜ் டிரைவரு அங்க?"

"நான் மட்டும்தான்."

தட்டை எடுத்து வைத்தாள். பிறகு வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அவங்க கூப்பிட்டு நிக்க வெச்சிக் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய் சொல்லிடுங்க. மறைச்சான்னு வரக்கூடாது. காலையில போனதும் சொல்லுங்க. வாய் வராதுன்னு திரும்பி வந்துடாதீங்க."

வாய் வராது என்பது உண்மை. சூப்பர்வைசர் அறைக்கு முன்னால் மறுநாள் காலையில் மூன்று முறை நடந்தேன். அவர் ஒரு மலாய் அம்மா, நல்லவர், ஆனால் வேலையில் கறார். அவரைப் புவான் என்று கூப்பிடுவோம். அவர் தமிழர்கள் எல்லாரையும் அண்ணே என்பார். பேச்சு மலாயில்தான் நடந்தது. நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

"என்ன அண்ணே? லீவா? இந்த மாசம் கேக்காதீங்க லா."

"லீவு இல்ல புவான். டிவியில போட்டது உண்மைதான்."

"எது?"

"ஸ்டோரேஜ் டிரைவர் பதில் சொல்றதில்லன்னு போட்டது. வேணும்னு செய்யல. எனக்கு ஒரு காது கொஞ்சம் கேக்கல. கொஞ்சம்தான். ரீசெட் பண்ணாதீங்க புவான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், கண்ணாடி வழியாக டிவியின் பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பக்கத்துச் சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. கம்ப்யூட்டர் பெட்டிகள் இருக்கும் அறை அது. உள்ளே தரையில் சப்பணமிட்டு ஒரு பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். ஜொகூர் பாருவிலிருந்து கம்ப்யூட்டரைச் சரிசெய்ய அன்றுதான் அனுப்பியிருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும், தமிழ்ப் பெண். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"அங்கிள்," என்றார் தமிழில். "அது நீங்க இல்ல."

"ஸ்டோரேஜ் டிரைவர் நான்தாம்மா. கார்டு பாருங்க. போன்ல தமிழ்ல பார்த்தேன், ஓட்டுநர்னுதான் வந்துச்சு."

அவர் எழுந்து வந்து அட்டையைப் பார்த்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புதான். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் சேமிச்சி வைக்கிற டிஸ்க்க ஓட்டற புரோகிராமுக்குப் பேரும் டிரைவர்தான் அங்கிள். ஆள் இல்ல. நீங்க போன்ல மலாய்ல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். மலாய்ல புரோகிராம்னா பெமாச்சு, ஆள்னா பெமாண்டு. தமிழ்ல போனு ரெண்டுக்கும் ஓட்டுநர்னு போட்டுடுச்சு போல."

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டிவிக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

"எந்தக் காது?" என்றார்.

"இடது."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

அவர் கையை நீட்டினார். நான் இடுப்பிலிருந்து வண்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். மேலே பேசிவிட்டு வருகிறேன், வெளியே உட்காருங்கள் என்றார். லோடிங் டிரைவரைக் கூப்பிட்டு இரண்டு வேலையையும் அவனையே பார்க்கச் சொன்னார். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன என்று கையால் கேட்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சின்ன அறை எனக்கு நேர் எதிரில். அந்தப் பெண் கதவைச் சாத்தவில்லை. என் பயம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலையைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"அங்கிள், நீங்க செய்யற வேலைதான் அதுவும் செய்யுது. டிஸ்க்தான் ரேக். மேல இருக்கிற புரோகிராம் எல்லாம், லாரி லிஸ்ட் எடு, இத எழுதி வைன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அதுங்க நேரா ரேக்குகிட்ட போகக்கூடாது. சீட்ட டிரைவர்கிட்டதான் குடுக்கணும்."

பேசாமல் இருந்தால் பயம் அதிகமாகும் என்பதால் நான் கேட்டேன். "சீட்டு நெறைய வந்தா?"

"டிஸ்க் ஒரு நேரத்துல இத்தன சீட்டுதான் கையில வெச்சிக்க முடியும். நெறஞ்சிடுச்சின்னா டிரைவர் மேல பார்த்து பிஸின்னு சொல்லணும். சொன்னா, மேல இருக்கிறது மிச்ச சீட்ட வரிசையில நிறுத்தி வெச்சிக்கும். கையில இருக்கிறதுல பத்து முடியட்டும், அப்புறம் அனுப்புன்னுகூட டிரைவர் சொல்லலாம். முடிஞ்சதும் மறுபடி அனுப்பும். ஒரு சீட்டும் தொலையாது."

"கோவிச்சிக்க மாட்டாங்களா?"

"யாரு?"

"மேல இருக்கிறவங்க."

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பிஸின்னா தப்பே இல்ல அங்கிள். பிஸிங்கறது ஒரு பதில். அத வெச்சி மேல இருக்கிறது என்ன செய்யணுமோ செஞ்சிக்கும்."

"முதல்ல வந்த சீட்டத்தான் முதல்ல எடுக்குமா?"

"எப்பவும் இல்ல. இங்க இருக்கிறது சுத்தற டிஸ்க். பக்கத்துல பக்கத்துல இருக்கிறத சேர்த்து எடுத்தா நேரம் மிச்சம்."

நானும் அப்படித்தான். மூன்றாவது சந்தில் இருக்கும்போது மூன்றாவது சந்துச் சீட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் நகர்வேன். பதினைந்தாவது சந்துச் சீட்டு காத்திருக்கும். அதைச் சொன்னேன்.

"அதேதான். ஆனா பதினஞ்சாவது சந்து ரொம்ப நேரம் காத்திருந்தா, போதும், இப்ப அத எடுன்னு ஒரு கணக்கும் உள்ள இருக்கும்."

ஒரு நிமிடம் நான் பயத்தை மறந்திருந்தேன். உள்ளே ஒருவன் என்னைப் போலவே சந்து சந்தாகப் போய்வருவதாகத் தோன்றியது. பிறகு கேட்டேன்: "போன வாரம் பிஸின்னுதான வந்துச்சு? இப்ப ஏன் பதில் இல்லன்னு வருது?"

"அதான் விஷயம். பிஸி பெட்டி வந்து லாரி லிஸ்ட்ட மறைக்குதுன்னு இங்க இருந்து யாரோ கம்ப்ளெய்ன் பண்ணியிருக்காங்க. சனிக்கிழமை யாரோ தூரத்துல இருந்தே உள்ள நுழைஞ்சி, ஒரு நேரத்துல எத்தன சீட்டு வாங்கலாம்ங்கற எண்ணிக்கைய ஏத்திவிட்டுட்டாங்க. இந்த பழைய டிஸ்க் தாங்கற எண்ணிக்கை இல்ல அது. இப்ப டிரைவர் பிஸின்னு சொல்றதே இல்ல. வர்றது எல்லாத்துக்கும் ஓகே, ஓகேன்னு வாங்கிப் போட்டுக்குது."

வலது தோளில் இருந்த வாக்கி-டாக்கியைத் தொட்டுப் பார்த்தேன்.

"மேல ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கடிகாரம் ஓடும். ஓகேன்னு சொன்னவன் முடிச்சிடுவான்னு நம்பிக் காத்திருக்கும். நேரம் தாண்டும். கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராது. சரி, செத்துட்டான்னு முடிவு பண்ணி ரீசெட் பண்ணிடும்."

"அப்ப கையில இருந்த சீட்டெல்லாம்?"

"மறுபடியும் முதல்ல இருந்து. பாதி எழுதினது இருந்தா பாதியில நிக்கும். அதுதான் ஆபத்து. பிஸியால ஒண்ணும் கெடாது அங்கிள். முடியாம இருந்துக்கிட்டு ஓகேன்னு சொல்றதாலதான் கெடும்."

அவர் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மடிக்கணினியில் ஏதோ எண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தார், முதுகு எனக்குத் தெரிந்தது. எனக்கு ஏழாவது சந்து வந்தது. துடைப்பம் இரும்பில் பட்ட அதிர்ச்சி முதுகில் வந்தது. சூப்பர்வைசரிடம் நான் சொன்னது "கொஞ்சம்". மலாயில் சிக்கிட், சிக்கிட் என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். அந்த சிக்கிட்டை நம்பி மேலே இருப்பவர்கள் பேசி, நல்ல டிரைவர், நெரிசல் நேரம், இரண்டு வாரம் ஓட்டட்டும் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்? கொடுக்கக்கூடியவர்கள்தான். இத்தனை நேரமும் நான் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

இரண்டு பயம் ஒரே நேரத்தில் வந்தால் எது பெரியது என்று தெரியாது. சாவி கிடைக்காது என்ற பயம் ஒரு பக்கம். சாவி கிடைத்துவிடும் என்ற பயம் அப்போதுதான் முதல் முறையாக வந்தது. எழுந்து நின்றேன். கால் தானாக நடந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு அடியையும் நான்தான் எடுத்து வைத்தேன். வராந்தாவில் பத்து அடிகூட இருக்காது.

சூப்பர்வைசர் போனில் இருந்தார். கை காட்டி நிற்கச் சொன்னார். நான் நிற்காமல் பேசிவிட்டேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டார்.

"கொஞ்சம் இல்ல புவான். சுத்தமா கேக்கல. போன மாசம் ஏழாவது சந்துல நேப்பாளக்காரர் மேல வண்டிய ஏத்தப் பார்த்தேன். அவர் கத்தினது எனக்குக் கேக்கல. பூட்ஸ் முனை சக்கரத்துல மாட்டுச்சு. நான் சொல்லல."

அவர் போனை வைத்தே விட்டார். எழுந்து வெளியே போய் அந்தத் தொழிலாளியைக் கூப்பிட்டு வந்தார். நடந்தது உண்மையா என்று கேட்டார். தொழிலாளி என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். அவர் வலது காலை முன்னால் வைத்துக் காட்டினார். பூட்ஸின் முனை பிளந்து, உள்ளே இருக்கும் இரும்பு மூடி நசுங்கித் தெரிந்தது. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஒரு மாதமாக அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு என் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நடந்திருக்கிறார். நான் ஒரு நாளும் அவர் காலைப் பார்க்கவில்லை.

"ஏன் அண்ணே?" என்று மட்டும் சூப்பர்வைசர் கேட்டார். அந்தத் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் "ஓகே பாங்" என்றார், ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை போகவில்லை. வண்டி போய்விட்டது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, மலாயில். இந்த முறை போனைக் கேட்காமல் நானே படித்தேன். இப்போது லாரி வாசலில் மேசை போட்டு, வருகிற பெட்டிகளைச் சீட்டோடு சரிபார்க்கிறேன். காதில் ஒரு கருவி இருக்கிறது. அதில் பேச்சு தகர டப்பாவுக்குள் பேசுவது போல் கேட்கும். லோடிங் டிரைவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "உன்ன செவிடான்னு கூப்பிட்டேனே, பொத்திக்கிட்டு இருந்தியே, சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று ஏசினான். பிறகு வலது பக்கமாக வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். புது ஸ்டோரேஜ் டிரைவர் வந்திருக்கிறார். நன்றாக ஓட்டுகிறார். பார்க்கப் பிடிக்காமல் நான் முகத்தை லாரிப் பக்கம் வைத்துக்கொள்வேன்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் அதிகமாகப் பயந்தது அதற்கு இடையில், பத்து பஹாட் ஊர் ஆஸ்பத்திரிக்குக் காதைச் சோதிக்க அனுப்பியபோது.

பெரிய அலமாரி போன்ற ஓர் அறை. உள்ளே ஒரு நாற்காலி, சின்னக் கண்ணாடி சன்னல். காதுகளில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சத்தம் கேட்டால் அழுத்துங்கள், கேட்காவிட்டால் அழுத்தாதீர்கள் என்றார் சோதிக்கிற பெண். கதவைச் சாத்தினார். அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. என் மூச்சு எனக்கே பயமாக இருந்தது.

வலது காது முதலில். சத்தம் வந்தது, அழுத்தினேன். மெல்லியதாக வந்தது, அழுத்தினேன். பிறகு இடது என்று விரலால் காட்டினார்.

ஒன்றும் வரவில்லை. கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறை சத்தம் அனுப்பும்போதும் அவருடைய வலது தோள் கொஞ்சம் அசைந்தது. சத்தம் முடிந்ததும் தோள் இறங்கியது. ஆட்களின் உதட்டையும் தோளையும் பார்த்தே காலம் தள்ளியவன் நான். எனக்கு அது போதும். தோள் அசையும்போது அழுத்தினால் என் இடது காது பதினெட்டு வயதுக் காதாகிவிடும். தோள் அசைந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. வியர்வையில் வழுக்கியது. இன்னொரு முறை அசைந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

இருட்டில் எதுவுமே இல்லை. எத்தனை சத்தம் என்னைத் தாண்டிப் போனதோ தெரியாது. ஒரே ஒரு முறை, வெகு தூரத்தில், கொசு போல ஏதோ வந்தது. அழுத்தினேன். அதற்குப் பிறகு மறுபடி ஒன்றுமில்லை. காத்திருந்தேன். தோளில் ஒரு கை பட்டதும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் என் இடது பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைவதைப் பார்த்தால், அது முதல் முறை சொல்வதாகத் தெரியவில்லை.

"கேக்கலம்மா," என்றேன்.